கைநாட்டு

இதை எழுதுவது நான்தான் என்றாலும், இது என் ஒருவனுடைய வாக்குமூலம் அல்ல. ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரே காலத்தில் வேலை பார்த்த ஐந்து பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, எங்கள் பள்ளியில் படித்த ஒருவனைப் பற்றிப் பேசினோம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த நான், தமிழம்மா, அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் வகுப்பாசிரியராக இருந்த அறிவியல் சார், பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தவர், சத்துணவு சமைத்த அம்மா. எழுதி முடித்ததும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று இடங்களில் சமையலம்மா நிறுத்தினார். "நம்மள ரொம்ப நல்லவுகளா எழுதியிருக்கீக சார், மாத்துங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. ஊரும் வேண்டாம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே கிடக்கும் கரிசல் காட்டு ஊர்களில் ஒன்று என்பது போதும். வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் பருத்தியும் இல்லை, சோளமும் இல்லை. இருக்கிற வேலை தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும்தான். எங்கள் பக்கம் அவற்றைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. காலையில் வேன் ஏறிப் போகிற பெண்கள் எல்லாரும் "ஆபீஸுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள்.

போன ஆண்டு தை மாதத்தில் ஓர் இளம்பெண் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறாள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பெயரைச் சொன்னதும் தெரிந்தது. பத்திரிகையோடு பழைய ரேங்க் கார்டு ஒன்றையும் எடுத்து நீட்டினாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தகரப்பெட்டியை ஒதுக்கியபோது கிடைத்ததாம். "இதுல உங்க கையெழுத்து இருக்கு சார், அதான் கொண்டாந்தேன்" என்றாள். அவளுக்கு அது ஒரு நினைவுப் பொருள். வாங்கிப் பார்த்தேன். 2013-14, பத்தாம் வகுப்பு. காலாண்டில் கணக்கு 100. அரையாண்டில் 100. திருப்புதல் தேர்வில் 99. வகுப்பாசிரியர் கையொப்பம் என்ற கட்டத்தில் நான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு கைநாட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒன்றாக.

"பாட்டி இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டி அப்பவே இல்ல சார்" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கைநாட்டு சின்னதாக இருந்தது. எழுபது வயதுக் கிழவியின் பெருவிரல் அவ்வளவு சின்னதாக இருக்காது. ரேகைகளுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் கணக்குப் போட வரும்போது சாக்பீஸைப் பிடித்திருக்கும் பெருவிரலில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் முழுக்க, அந்த விரலுக்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனுடைய அம்மா 2009-இல் நோயில் இறந்துவிட்டார். அப்பா 2011 கோடையில், உரிமம் இல்லாத ஒரு பட்டாசு ஷெட்டில் மணிமருந்து வெடித்ததில் இறந்தார். உரிமமே இல்லாத இடம் என்பதால் வழக்கு வேண்டாம் என்று இரவோடு இரவாகப் பேசி முடித்தார்கள். கைமாறிய பணம் பிள்ளைகளுக்கு வந்து சேரவில்லை. அவனுக்கு அப்போது 13 வயது. தங்கைக்கு 9, தம்பிக்கு 6. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பதிவேட்டிலேயே இருந்தது. தாய் இல்லை, தந்தை இல்லை, பாதுகாவலர் பாட்டி. அந்த "பாட்டி" என்ற சொல்லோடு எங்கள் விசாரணை முடிந்துவிட்டது.

தங்கை சொன்ன மீதிக் கதை இது. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, சொந்தக்காரர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பங்கு போட்டார்கள். பொம்பளப்பிள்ளையை மதுரையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவது, சின்னவனை ஏதாவது ஆசிரமத்தில் விடுவது, பெரியவன் ஆபீஸுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வது என்று பேச்சு. கதவுக்குப் பின்னால் நின்று அவன் கேட்டிருக்கிறான். மறுநாள் காலையில், "பாட்டி எங்க கூட இருக்கும், நாங்க எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டான். யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் செலவில்லாத முடிவு அது. பாட்டி நான்கு மாதம் இருந்தார். கண் மங்கிப்போனதும் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவர் விட்டுப்போன ஒரு சுங்குடிச் சேலை மட்டும் வீட்டில் கிடந்தது.

"அண்ணன் தெனம் காலையில அத நனைச்சுப் புழிஞ்சு கொடியில போட்டுட்டுத்தான் சார் பள்ளிக்கூடம் வரும். வீட்டுல பெரியாளு இருக்குன்னு தெருவுக்குத் தெரியணுமாம். யாரு கேட்டாலும் பாட்டி கடைக்குப் போயிருக்கு, பாட்டி தூங்குதுன்னு சொல்லணும்னு எங்க ரெண்டு பேத்துக்கும் சொல்லிக் குடுத்திருந்துச்சு. தம்பி மாத்திச் சொல்லிருவான்னு தெனம் ஒப்பிக்க வைக்கும்."

மூன்று வருடம் அந்தச் சேலை கொடியில் காய்ந்தது.

நாங்கள் அவனைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்தோம். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில். சுற்றுலாவுக்கு வரமாட்டான். யாரோடும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கமாட்டான். மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுவான். தமிழம்மா ஒருமுறை அவன் தோளில் கைவைத்து, "என்னப்பா, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டபோது, தோளை மெல்ல விடுவித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், ராத்திரி படிச்சேன்" என்றானாம். பொய் இல்லை, படிக்கவும்தான் செய்திருப்பான். ஆனால் அதற்கு முன் இரவு ஒன்பது மணிவரை வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டியிருக்கிறான். சனிக்கிழமை இரவுகளில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் பண்டல் அடுக்கியிருக்கிறான். "நல்லாப் படிக்கிற புள்ள, கண்ணு முழிச்சுப் படிக்குது" என்று தமிழம்மா ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நாங்களும் தலையாட்டினோம்.

அவன் அறிவைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அந்த அறிவுதான் எங்கள் கண்ணைக் கட்டியது. பத்தாம் வகுப்பில் சிறப்புத் தொடர்கள் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் n இயல் எண்களின் கனங்களைக் கூட்டினால், அந்த எண்களின் கூடுதலின் வர்க்கம் கிடைக்கும். 1, 8, 27, 64 ஆகியவற்றைக் கூட்டினால் 100. 1, 2, 3, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 10, அதன் வர்க்கமும் 100. சூத்திரத்தை எழுதிப்போட்டு, நிரூபணம் தேர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இடைவேளையில் அவன் வந்து ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினான். மூலையில் ஒரு சதுரம். அதைச் சுற்றி இரண்டு கட்டம் அகலத்துக்கு, மடக்கிய முழங்கை போல ஒரு பட்டை. அதைச் சுற்றி மூன்று கட்டம் அகலத்துக்கு இன்னொன்று. இரண்டாம் பட்டையில் 8 கட்டம், மூன்றாவதில் 27, நான்காவதில் 64. மொத்தம் பத்துக்குப் பத்து முழுச் சதுரம். புத்தகத்தில் இல்லை, நான் நடத்தவும் இல்லை. முப்பது வருடம் கணக்கு எடுத்தவன் நான். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எங்கடே பாத்த இத?"

"பாக்கல சார். பண்டல் அடுக்குறப்பத் தோணுச்சு."

சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன் முகம் மாறியது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே சொல் அது. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். எல்லாருக்கும் காட்டினேன். தலைமையாசிரியரிடம் காட்டினேன். "பண்டல் அடுக்குறப்ப" என்றானே, பதினைந்து வயதுப் பையன் எங்கே, எந்த நேரத்தில், எதற்காகப் பண்டல் அடுக்குகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. நிரூபணம் காதில் விழுந்தது, பையன் விழவில்லை.

எங்கள் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம். அந்தப் பெருமை எங்கள் எல்லாருக்கும் உண்டு. அதற்கு நாங்கள் உழைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். யார் தோற்பார்களோ அவர்கள் மேல்தான் எங்கள் முழுக் கவனமும் இருக்கும். மெல்லக் கற்போர் பட்டியல், மாலை வகுப்பு, வீடு தேடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் அவர்களுக்குத்தான். நூறு எடுப்பவன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். கணக்கில் நூறு வாங்குகிறவனுக்கு வீட்டில் குறை ஒன்றும் இருக்காது என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். அவன் சுமாராகப் படித்திருந்தால் எங்களில் எவராவது ஒருவர் அந்த வீட்டுக்குள் போயிருப்பார் என்று அறிவியல் சார் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

அறிவியல் சாரிடம் இன்னொன்றும் இருந்தது. 2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். பள்ளியில் விழா நடந்துகொண்டிருந்தது. நண்பகல் வாக்கில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்றவும் என்னவென்று பார்க்கவும் ஓடிப்போனவர்கள் அதில் பலர். செய்தி வந்து பள்ளி கலங்கிக் கிடந்த நேரத்தில் அவன் யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டான். மறுநாள் அனுமதி இல்லாமல் போனதற்காக அவனை இரண்டு பீரியட் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார் அறிவியல் சார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. போன இடத்தைத் தங்கைதான் இப்போது சொன்னாள். நேராக ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போய், அவளையும் தம்பியையும் வெளியே அழைத்து, வேப்பமரத்தடியில் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நாலு மணிவரை நின்றிருக்கிறான். வெடியில் அப்பா செத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை என்பது பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டை எழுதியவரும் அவனை வெளியே நிறுத்தியவரும் ஒருவர்தான்.

உதவித்தொகை விஷயம் இதைவிட மோசம். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு நடக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே வந்தது. அப்போது மாதம் 500 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நான்கு ஆண்டுகள். இப்போது மாதம் 1,000. இவனை மனதில் வைத்துத் தீட்டியதுபோன்ற திட்டம். எழுதினான், தேறினான். வருமானச் சான்று கேட்டோம். நாளைக்கு, நாளைக்கு என்றான். கடைசியில், "பாட்டிக்கு முடியல சார், தாலுகா ஆபீஸுக்கு அலைய முடியாது, எனக்கு வேண்டாம்" என்றான். கெடு முடிந்தது. நான்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய். "கையில வந்ததத் தூக்கி எறியிறான், பொறுப்பில்லாதவன்" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னவன் நான்தான்.

வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். வந்தால் பாட்டி எங்கே என்பார். அதற்காகத்தான் வேண்டாம் என்றிருக்கிறான். ரேஷன் கார்டில் இறந்துபோன அப்பாவின் பெயரே குடும்பத் தலைவராக இருந்தது. அதையும் அவன் மாற்ற முயலவில்லை. மாற்றுவதென்றால் 18 வயது நிரம்பிய ஓர் ஆள் வேண்டும். அந்த வீட்டில் 18 வயதுக்கு யாருமில்லை. செத்தவர் பெயரில் அரிசி வாங்கித்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கடைக்காரருக்குத் தெரியும். இரக்கப்பட்டுத்தான் பேசாமல் இருந்தார். ஊரில் ஆளுக்கொரு துண்டு உண்மை இருந்தது. சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

சத்துணவில் முட்டை போடும் நாட்களில் அவன் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு முட்டையைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வதைச் சமையலம்மா பார்த்திருக்கிறார். அவர் அடுத்த தெரு. கிழவியின் குரலே கேட்பதில்லை என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒருநாள் தண்ணீர் வைக்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவர், "அந்தப் பையன் வீட்டுல யாருமில்ல போலருக்கு சார்" என்று சொன்னாராம். அதற்கு எங்களில் ஒருவர், "பாட்டி இருக்காங்கம்மா, மாசாமாசம் கைநாட்டு வச்சு அனுப்புறாங்களே" என்று பதில் சொன்னார். சொன்னது யார் என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தமிழம்மா தான்தான் என்கிறார். நான் நானென்று நினைக்கிறேன். பக்கத்துத் தெருக்காரி கண்ணால் பார்த்ததை நாங்கள் நம்பவில்லை, காகிதத்தை நம்பினோம். அவர் சத்துணவுக்கூடத்துப் பெண் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதை எழுது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் நான்கு பேரும் சொல்லி எழுதுகிறேன்.

அன்றே அவனைப் பற்றித் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? வராந்தாவில் இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. முதலில் எல்லாரும், எவ்வளவோ செய்திருப்போம் என்றோம். பிறகு ஒவ்வொருவரையும் அன்றைய நாளில் நிறுத்திப் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று, "ஹோமில் சேர்த்துவிடுவது." பையன்களுக்கு ஓர் இல்லம், பெண்பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம். தங்கை வேறு ஊருக்குப் போயிருப்பாள். பதினாறாம் நாள் இரவு சொந்தக்காரர்கள் போட்ட அதே பங்கை, கொஞ்சம் கண்ணியமாக, நாங்கள் போட்டிருப்போம். 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருந்தது. பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பாமல், ஓர் உறவினரின் பொறுப்பில் வீட்டிலேயே வைத்து நிதி ஆதரவு கொடுக்கவும் அதில் வழி இருந்தது. 2015-இல் வந்த புதிய சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் கொள்ள வேண்டும் என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அப்போதும் இருந்தது. இதில் ஒன்றையும் நாங்கள் படித்திருக்கவில்லை. பி.எட். வகுப்பில் ரூஸோவைப் படித்தோம். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒருநாள் ஒதுக்கவில்லை.

வேறு இரண்டு சட்டங்களுக்கு அப்போது அவன் விஷயத்தில் கை எட்டவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் அன்று 14 வயது முடிந்தவன் குழந்தை இல்லை. வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயதுவரை யாரையும் வைக்கக் கூடாது என்ற திருத்தம் அந்தச் சட்டத்துக்கு 2016-இல்தான் வந்தது. அவனுக்கு 14 முடிந்தது 2012-இல். இரண்டு சட்டங்களும் ஒரே பிறந்தநாளில் அவன் கையை விட்டன. சட்டம் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இருந்தோம், ஐந்து பேர்.

2014 மே மாதம் தேர்வு முடிவு வந்தது. 500-க்கு 486. பள்ளியில் முதல் மதிப்பெண். பேப்பரில் போட்டோ வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் வந்து கேட்டான். கூச்சம் என்று நினைத்துச் சிரித்தோம். பேப்பரில் படம் வந்தால் யாராவது வீடு தேடி வருவார்கள், அப்பா அம்மா எங்கே என்பார்கள் என்ற பயம் எங்களுக்குப் புரியவில்லை. குழுப் படத்திலிருந்து அவன் முகத்தை வெட்டியெடுத்து ஃபிளெக்ஸ் அடித்துப் பள்ளி வாசலில் கட்டினோம். ஜூனில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கியபோது அவன் வரவில்லை. ஃபிளெக்ஸ் மட்டும் இருந்தது. ஆடிக் காற்றில் கிழியும்வரை அந்தப் படத்துக்குக் கீழேதான் நாங்கள் தினமும் பள்ளிக்குள் போனோம்.

நாமக்கல் பக்கம் ஏதாவது தனியார் பள்ளி இலவச இடம் கொடுத்து அழைத்துப்போயிருக்கும் என்று முடிவு செய்தோம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை அப்படி அழைத்துப்போவது அந்தக் காலத்தில் வழக்கம்தான். சொல்லாமல் போய்விட்டானே என்று கோபமும் பட்டோம். ஆனால் டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் அன்றைக்கு எந்தப் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். அவனுடைய டி.சி. எங்கள் அலுவலகத்துக் கட்டில்தான் இருந்தது. இளநிலை உதவியாளர் ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கட்டைப் பிரித்து அடுக்கியிருக்கிறார். வாங்கப்படாத டி.சி. என்றால் அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று அர்த்தம். "எனக்கு அது காகிதம் சார். என்னைக்காவது வந்து வாங்கிக்கிருவான்னு கட்டிவச்சேன்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்காக நான் அந்தத் தெருவுக்கே ஒருமுறை போயிருக்கிறேன். வெயில். அவன் வீடு தெருவின் கடைசியில். தெருமுனையில் நின்று பார்த்தேன், கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவங்க வீட்டில் இருக்காங்க என்று படிவத்தில் குறித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பதினாறு வயதில் அவன் முழுநேர வேலைக்குப் போனான். கணக்கப்பிள்ளையிடம் வயது 18 என்று சொல்லியிருக்கிறான். அவரும் கேட்டதை எழுதிக்கொண்டார். 2016-இல் மருந்து தீப்பற்றியதில் இடது கை வெந்துபோனது. இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. அதற்குப் பிறகு ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதப் போய், இப்போதும் அங்கேதான் இருக்கிறான். தங்கை செவிலியரானாள். தம்பி கல்லூரியில் படிக்கிறான். பதினொன்றாம் வகுப்புக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் அந்த இருவருக்கும் கிடைத்தது. அவனுக்கு ரேங்க் கார்டு கிடைத்தது.

கல்யாணத்துக்கு ஐந்து பேரும் போனோம். மண்டபத்தில் எல்லார் வாயிலும் அவன் பேச்சுதான். அண்ணன் என்றால் இப்படி இருக்கணும், தெய்வம், தியாகி. நானும் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். சொன்னதும் நெஞ்சில் ஒரு பாரம் குறைந்ததுபோல இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் யாரும் கேட்காமல் தன்னைக் கொடுத்தான் என்று நாம் கும்பிடும்போது, அவன் கொடுக்கும்படி விட்டவர்கள் யார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. அவனுக்குத் தியாகம் செய்ய ஆசை இருந்திருக்காது. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் முதல் பெஞ்சில் உட்காரத்தான் ஆசை இருந்திருக்கும்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் தனியாகப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தயாராக வைத்திருந்தேன், வரவில்லை. "ஏன்ப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவன் என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயை மூடினான். "சொல்லியிருந்தா நீங்க நல்லது பண்ணியிருப்பீக சார். அதான் சொல்லல" என்றான். குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லை. உள்ளதைச் சொன்னான். பிறகு, "பாயசம் வச்சாகளா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பந்தியைப் பார்க்கப் போய்விட்டான்.

உதவியாளர் பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த டி.சி.யைத் தங்கையிடம் கொடுத்தோம். தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுதலாம் என்றும் சொல்லிப் பார்த்தோம். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனை நெருக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். 2025 செப்டம்பர் 15-இல் அன்புக்கரங்கள் திட்டம் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய். முதற்கட்டத்திலேயே 6,000-க்கும் மேற்பட்டவர்கள். செய்தியைப் படித்த அன்று தமிழம்மா போன் செய்தார். "சார், நம்ம பையன் மாதிரி ஒருத்தன் இதுக்கு மனுப் போடுவான்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். போடமாட்டான். மனுப் போட்டால் விசாரணை வரும், விசாரணை வந்தால் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து கொடியில் சேலையை நனைத்துப் போட்டுக்கொண்டிருப்பான். தங்கை தம்பியைப் பிரிக்காமலே பணம் வரும் என்று அவன் வாசலில் போய் நின்று ஓர் ஆள் சொல்ல வேண்டும். அவன் நம்பும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

எங்களில் நான்கு பேர் ஓய்வு பெற்றுவிட்டோம். சமையலம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போதைய தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, இந்த ஆண்டுக் கட்டில் வாங்கப்படாமல் கிடக்கும் டி.சி.களை எண்ணினோம். ஒன்பது. சமையலம்மாதான் முன்னால் நடக்கிறார். தெரு அவருக்குத் தெரியும், பேசவும் தெரியும். முதல் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டாவது வீட்டுப் பையன் கோயம்புத்தூரில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். எண் வாங்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வீடு தெருவின் கடைசியில் இருந்தது. வெயிலாக இருந்தது. கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. போய்க் கதவைத் தட்டினோம்.